கூட வர ஓர் ஆள்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, வத்தளையில் எங்கள் ஒழுங்கையில் குடியிருந்த ஒரு பெண் வந்து கதவைத் தட்டினார். கையில் ஒரு துணிக்கடைப் பை. அதற்குள் கலியாணப் பதிவுத் துண்டு, பிள்ளையின் கிளினிக் கொப்பி, மாற்றிக்கொள்ள ஒரு சட்டை. "அக்கா, உங்களுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும்தானே, பொலிசுக்கு ஒருக்கா வாறீங்களா?" என்று கேட்டார். அதற்கு முன் தாயிடம் சொல்லியிருக்கிறார், மாமியிடம் சொல்லியிருக்கிறார், பிள்ளையின் பாலர் பாடசாலை மிஸ்ஸிடமும் சொல்லியிருக்கிறார். "எல்லாரும் போய்ச் சொல்லு, போய்ச் சொல்லு எண்டுதான் சொல்றாங்க. நானும் வாறேன் எண்டு ஒருத்தரும் சொல்லல்ல."

பொலிஸ் நிலையத்தில் இரண்டு மணித்தியாலம் வாங்கில் இருந்தோம். வாக்குமூலம் எழுதிய உத்தியோகத்தர் கெட்டவர் அல்ல. மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பிவிட்டார், பிள்ளைக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அந்தப் பெண் பாதி தமிழும் பாதி சிங்களமுமாகச் சொன்னார்: கணவர் இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்தார், எனக்கு மூச்சு வரவில்லை, கண் இருண்டு போனது. எழுதி முடித்துக் கையெழுத்துக்காக நீட்டிய கொப்பியை நான் வாங்கி வாசித்தேன். கணவன் மனைவிக்கிடையே வாய்த்தர்க்கம் ஏற்பட்டது, கணவர் தாக்கினார் என்று இருந்தது. கழுத்து இல்லை, மூச்சு இல்லை. அவரிடம் தமிழில் சொன்னேன். "நான் அப்பிடிச் சொல்லல்லையே அக்கா" என்றார். உத்தியோகத்தரிடம் சொன்னதும் மறுபேச்சில்லாமல் அந்த வரியை வெட்டி, பக்கத்தில் சிறுகையொப்பம் வைத்து, சொன்னதைச் சொன்னபடி எழுதினார். அன்றைக்கு நான் செய்த உதவி அவ்வளவுதான்.

அந்த ஒரு வரியின் பெறுமதியை நான் பிறகுதான் அறிந்தேன். கழுத்தை நெரித்தல் நடந்த உறவில், பின்னர் அந்தப் பெண் அதே ஆளின் கையால் கொல்லப்படும் அபாயம் ஏழு மடங்குக்கும் அதிகம் என்று 2008இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று காட்டியிருக்கிறது. 'வாய்த்தர்க்கம்' என்று எழுதப்பட்டால் அது பேசித் தீர்க்க வேண்டிய குடும்பப் பிரச்சினை, இணக்க சபைக்குத் தள்ளிவிடக்கூடியது. 'கழுத்து' என்று எழுதப்பட்டால் நீதவான் பார்க்க வேண்டிய விடயம்.

அன்று முதல் ஒரு கேள்வி என்னை விடவில்லை. கொழும்பின் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பகுதிகளிலும் அதை அடுத்துள்ள வத்தளையிலும் வாழும் தமிழ்ச் சமூகம், துன்புறுத்தப்பட்டவர்களுக்கு ஆதரவு என்ற பெயரில் நிறையச் செய்கிறது. கோவில் மண்டபத்தில் கருத்தரங்கு, பாடசாலையில் பதாகை, மகளிர் தினக் கூட்டம், உளநல தினத்தில் மருத்துவரின் உரை, ஏதேனும் நடந்துவிட்டால் வீதியில் ஆர்ப்பாட்டம். இவற்றை எந்த அளவுகோலால் அளப்பது? எத்தனை பேர் கூடினார்கள் என்பதாலா, எத்தனை பேர் கண்கலங்கினார்கள் என்பதாலா? என் அளவுகோல் வேறு. ஒரு பெண்ணோ பிள்ளையோ வாய் திறக்கும் நாளிலிருந்து விடயம் முடியும் நாள் வரை எத்தனை படிகளைத் தனியாக ஏற வேண்டியிருக்கிறது? அந்த எண்ணிக்கையைக் குறைப்பதுதான் ஆதரவு. குறைக்காதது எவ்வளவு நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டாலும் ஆதரவுக் கணக்கில் சேராது.

இந்த அளவுகோலோடு 2025 மே மாதத்தைத் திரும்பிப் பார்க்கிறேன். ஒரு பாடசாலை மாணவியின் மரணத்தை அடுத்து மே 8ஆம் திகதி பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் மக்கள் வீதிக்கு வந்தார்கள். பாடசாலையில் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானார், பின்னர் தனியார் வகுப்பொன்றில் மற்றப் பிள்ளைகளின் முன்னிலையில் அவமானப்படுத்தப்பட்டார் என்பது குடும்பத்தினரின் குற்றச்சாட்டு. யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நான் எடைபோடுவது எங்களைத்தான். எங்கள் பகுதிப் பிள்ளைகள் பலர் களனி ஆற்றைக் கடந்து அந்த வீதிகளுக்குத்தான் படிக்கப் போகிறார்கள். அந்தக் கிழமை வத்தளையில் பிள்ளையை வகுப்புக்கு அனுப்பிய எந்தத் தாயும் நிம்மதியாக இருக்கவில்லை.

ஆர்ப்பாட்டத்தின் பயனைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். தமிழ்ப் பிள்ளை ஒருத்திக்காகக் கொழும்பின் நடு வீதியில் இத்தனை பேர் பயமில்லாமல் நின்றது, எண்பத்து மூன்று இனக்கலவரத்துக்குப் பின் வாயை மூடிக்கொண்டு வாழப் பழகிய ஒரு சமூகத்துக்குச் சாதாரண விடயம் அல்ல. விடயம் நாடாளுமன்றத்தில் பேசப்பட்டது. கல்வி அமைச்சு பதில் சொல்ல வேண்டி வந்தது. வீதிக்கு வந்திருக்காவிட்டால் இரண்டு பந்திச் செய்தியோடு முடிந்திருக்கும்.

ஆனால் அதே நாட்களில் அந்தப் பிள்ளையின் படமும் பெயரும் தொலைபேசிக்குத் தொலைபேசி ஓடின. பாடசாலைச் சீருடையோடு படம், வீட்டு விபரம், எப்படி இறந்தார் என்ற விவரிப்பு. அனுப்பியவர்கள் எல்லோரும் அன்பினால் அனுப்பினார்கள். பாலியல் குற்றத்துக்கு ஆளானவரை அடையாளம் காட்டும் எதையும், எழுத்துமூல அனுமதி முதலிய சில விதிவிலக்குகள் தவிர, வெளியிடுவது எங்கள் நாட்டில் தண்டனைக்குரிய குற்றம். 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தில் தண்டனைச் சட்டக்கோவைக்குள் வந்த 365இ பிரிவு அது. அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. அதே கிழமை இன்னொரு வீட்டில், இன்னும் சொல்லாமல் இருக்கும் ஒரு பிள்ளை அந்தப் படத்தைப் பார்க்கிறாள். அவள் அதிலிருந்து கற்பது என்ன? சொன்னால் என் படமும் இப்படி ஓடும். செத்தால்தான் நம்புவார்கள். இந்த இரண்டாவது பாடத்தை நினைத்தால் எனக்கு நெஞ்சு நடுங்குகிறது. தற்கொலையைப் பற்றி எப்படி எழுதக் கூடாது என்று உலகெங்கும் பத்திரிகையாளருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எங்களில் ஒவ்வொருவரும் இன்று ஒரு பத்திரிகை.

இன்னொன்று. முறைப்பாடு ஏற்கெனவே செய்யப்பட்டிருந்தது என்று அப்போதைய செய்திகள் சொல்லின. சட்டத்தின் கதவு தட்டப்பட்டிருந்தது. கதவு தட்டிய நாளுக்கும் அந்தக் கடைசி நாளுக்கும் இடையில் மாதங்கள் இருந்தன. காலையில் எழுவது, சீருடை போடுவது, வகுப்புக்குப் போவது, யாரோ எதையோ சொல்லக் கேட்பது என்று நாள் நாளாகப் போகும் அந்த இடைக்காலத்துக்குப் பொறுப்பாளி யார்? பிரதேச செயலகங்களில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர் என்று பதவிகள் இருக்கின்றன. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது, 1929 அதன் தொலைபேசி இலக்கம். சட்டமும் பதவியும் இலக்கமும் உண்டு. ஆனால் இவற்றை ஒரு பிள்ளைக்காகக் கோத்துப் பிடித்து, "இன்று எப்படி இருந்தாள்?" என்று மாலையில் விசாரிக்கும் வேலை யாருடைய கடமைப் பட்டியலிலும் இல்லை. ஆர்ப்பாட்டத்தின் பதாகைகளிலும் அந்தக் கோரிக்கை இருந்ததாக எனக்கு நினைவில்லை. நீதி கேட்டோம். அது இறந்தவருக்காக. உயிரோடு இருப்பவர்களுக்காகக் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

விழிப்புணர்வு வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். ஆனால் அது எப்போது வேலை செய்யும், எப்போது செய்யாது என்பதற்கு வத்தளைக்காரர்கள் தூரம் போகத் தேவையில்லை. களனி கங்கை கடலில் சேரும் பக்கமாக ஹெந்தளையில் ஒரு தொழுநோய் வைத்தியசாலை இருக்கிறது. 1708இல் ஒல்லாந்தர் கட்டியது. நோயாளியை ஊரிலிருந்து பிரித்து வைப்பதற்கென்றே கட்டியது. 1901இல் பிரித்தானியர் அந்தப் பிரிப்பைச் சட்டமாக்கினார்கள். இருநூற்றைம்பது வருடங்களுக்கு மேலாக, தோலில் ஒரு தழும்பு தெரிந்தவர் வீட்டை இழந்தார், பெயரை இழந்தார், பிள்ளைகளின் கலியாணம் குழம்பியது. அதனால் எல்லோரும் மறைத்தார்கள். 1983இல் கூட்டு மருந்துச் சிகிச்சை இலங்கைக்கு வந்தது. நோய் முற்றாக மாறும் என்ற நிலை வந்தது. அப்படியும் பலர் மறைத்தார்கள். 1990இல் தொலைக்காட்சி, வானொலி, சுவரொட்டி எல்லாவற்றிலும் பெரிய பிரசாரம் தொடங்கியது. செய்தி மிக எளிமை: உணர்ச்சியற்ற தழும்பு இருந்தால் வாருங்கள், மாற்றலாம். அந்த ஆண்டு புதிதாகக் கண்டறியப்பட்டோரின் தொகை மளமளவென உயர்ந்தது, அவர்களில் பலர் தாமாகவே வந்தவர்கள்.

இந்தப் பிரசாரத்தை விளம்பரத் துறையின் வெற்றியாகச் சொல்வார்கள். நான் பார்க்கும் விடயம் வேறு. வெட்கத்தை விட்டு வந்தவருக்கு அன்றே பார்க்க ஒரு வைத்தியர் இருந்தார், கையில் கொடுக்க மாதக் கணக்குப் போட்ட மாத்திரை அட்டை இருந்தது, அது இலவசமாக இருந்தது. சுகாதார ஊழியர்கள் முன்கூட்டியே பயிற்றப்பட்டிருந்தார்கள். வா என்று கூப்பிட்ட குரலுக்குப் பின்னால் ஒரு திறந்த கதவு இருந்தது. எங்கள் கருத்தரங்குகளைக் கேட்டுவிட்டு ஒரு பெண் மண்டபத்தை விட்டு வெளியே வருகிறார், மாலை ஆறு மணி, பஸ் தரிப்பிடம். மௌனத்தைக் கலை என்று உள்ளே சொன்னார்கள். கலைத்துவிட்டு இரவு எங்கே படுப்பது?

சட்டம் இதற்கு ஒன்றும் சொல்லவில்லை என்று நினைக்க வேண்டாம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தை ஆறுதலாக வாசித்தவர்கள் எங்களில் குறைவு. நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பம் செய்தால் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை, பதினான்கு நாட்களுக்குள் விசாரணை, பிறகு பன்னிரண்டு மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை. பாதிக்கப்பட்டவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரே விண்ணப்பிக்கலாம். தங்குமிடம் ஒழுங்கு செய்யவும் அந்த முகவரியை இரகசியமாக வைக்கவும் நீதிமன்றம் பணிக்கலாம். அடி மட்டும்தான் வன்முறை என்று அது சொல்லவில்லை. கொடுமையாகவும் இழிவுபடுத்தும் விதமாகவும் தொடர்ந்து நடத்துவதும் அதன் வரையறைக்குள் வருகிறது. மனக்காயத்தையும் காயமாக ஏற்ற சட்டம் அது. குறைகளும் பெரியவை. குடும்ப வன்முறையைத் தனிக் குற்றமாக்கவில்லை. கட்டளையை மீறினால்தான் தண்டனை. நீதிமன்றத்தால் பிரிக்கப்படாத மனைவியைக் கணவன் வன்புணர்வது இன்னும் எங்கள் தண்டனைச் சட்டத்தில் குற்றமில்லை. ஆனாலும் இருபது வருடங்களாகக் கையில் இருக்கும் இந்தச் சட்டத்தை நாங்கள் பயன்படுத்தாததற்கு அதன் குறைகள் காரணம் அல்ல. அதனிடம் போய்ச் சேரும் வழிதான் முட்டுகிறது.

2019இல் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய நாடளாவிய கணக்கெடுப்பு, துணைவரோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் அவரால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர் என்று கண்டது. துணைவரின் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் எந்த நிறுவனத்திடமும் போகவில்லை. வெட்கம், பழி வரும் என்ற அச்சம், நம்ப மாட்டார்கள் என்ற நினைப்பு. கேட்பவர் பேசும் மொழி வேறு என்ற தடை தமிழ்ப் பெண்ணுக்கு இவற்றுக்கு மேல் இன்னொரு படி. 1987இல் தமிழும் அரச கரும மொழியாயிற்று. அரசியலமைப்பில் இருப்பது வாங்கில் இருந்த அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் வரவில்லை.

எங்கள் மொழிக்குள்ளும் ஒரு சிக்கல் கிடக்கிறது. "அவளுக்கு நடந்தது" என்கிறோம், "அவன் செய்தது" என்று சொல்வதில்லை. செய்தவன் வாக்கியத்திலிருந்தே தப்பிவிடுகிறான். பிறகு அவள் நித்திரை இல்லாமல், பேசாமல், திடீரென்று அழுதால் "மண்டை பிழைச்சிட்டு" என்கிறோம், கோபம் வந்தால் "அங்கொடைக்குத்தான் அனுப்ப வேணும்" என்கிறோம். அங்கொடையில் இருப்பது தேசிய மனநல நிறுவகம், நோய் பார்க்கும் இடம். எங்கள் வாயில் அது வசைச் சொல். மனநோயாளர் பற்றி நாட்டில் நடைமுறையில் இருக்கும் கட்டளைச் சட்டம் 1873ஆம் ஆண்டுக்குரியது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நூற்றைம்பது வருடப் பழமை சட்டத்துக்கு மட்டும் உரியதல்ல.

கொட்டாஞ்சேனைப் பக்கம் செவ்வாய்க்கிழமைகளில் போனவர்களுக்குக் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலைத் தெரியும். கத்தோலிக்கரும் இந்துக்களும் சிங்களவரும் தமிழருமாகப் பெண்கள் வரிசையில் நின்று, கண்ணாடிப் பெட்டியில் கை வைத்து, உதடு மட்டும் அசையச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நானும் நின்றிருக்கிறேன். அங்கே இறங்கும் பாரத்தை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு வெளிநாட்டு ஆற்றுப்படுத்துநர்கள் கூட்டங்கூட்டமாக வந்தபோதும் இதே விடயம்தான் வெளிப்பட்டது. எங்கள் ஆட்கள் துன்பத்தை மனதுக்குள் உள்ள ஒரு நோயாகச் சொல்லவில்லை, உறவில் விழுந்த ஓட்டையாகச் சொன்னார்கள் என்று கைத்ரி பெர்னாண்டோ போன்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். யாழ்ப்பாணத்தில் போரின் மனவடுக்களைப் பார்த்த பேராசிரியர் தயா சோமசுந்தரமும் தனி ஆளின் காயத்தோடு நிற்காமல் குடும்பத்துக்கும் ஊருக்கும் விழுந்த காயத்தைப் பற்றிப் பேசினார். ஒரே தடவை உட்காரவைத்து நடந்ததையெல்லாம் சொல்ல வைப்பது பயன் தருவதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்யும் என்பது இன்று மருத்துவ ஆய்வுகளின் முடிவு. ஆகவே மனநலம் என்று தனியே ஒரு பெட்டி இல்லை. பொலிசுக்குப் போகும்போது பக்கத்தில் ஒருவர் இருப்பதும் மருந்தின் ஒரு பகுதிதான். அந்தோனியார் கேட்கிறார். ஆனால் அந்தப் படியில் வைத்தே "பொறுத்துப் போ பிள்ளை, பிள்ளைகளைப் பார்" என்று சொல்லும் ஒரு பெரியம்மா எப்போதும் இருக்கிறார். சொல்ல இடம் கொடுத்த கோவிலும் ஆலயமும் அதற்கு அடுத்த படியில் கையை விட்டுவிடுகின்றன என்பதே என் முறைப்பாடு.

உருப்படியாகச் செய்பவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். 1974இல் தொடங்கிய சுமித்ரயோ, அறிவுரை சொல்லாமல், பெயர் கேட்காமல், கேட்பதை மட்டும் தொண்டாகச் செய்கிறது. கூடப் போவது அவர்களுடைய வேலை அல்ல; எடுத்த வேலையில் அவர்கள் காட்டும் ஒழுக்கம் எங்கள் கருத்தரங்குப் பேச்சாளர்களுக்கு ஒரு பாடம். 1987இல் உருவான விமன் இன் நீட் அமைப்பு சட்ட உதவி, உளவளத்துணை, தங்குமிடம் மூன்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. பெரிய அரச வைத்தியசாலைகளில் சுகாதார அமைச்சு நடத்தும் 'நட்பு நிலையம்', காயத்துக்கு மருந்து போட வந்த பெண்ணிடம் அது எப்படி வந்தது என்று கேட்கிற இடம். வைத்தியசாலைக்குப் போக யாரும் காரணம் கேட்பதில்லை என்பதால், என் கணிப்பில், அரசின் பக்கத்தில் இதுவே எல்லாவற்றிலும் புத்திசாலித்தனமான ஏற்பாடு. எங்கள் ஒழுங்கையில் பத்துப் பெண்களிடம் கேட்டேன். ஒருவருக்கும் அதன் பெயர் தெரியாது. விழிப்புணர்வுக் கூட்டங்கள் சொல்லியிருக்க வேண்டிய தகவல் இதுதான்.

தமிழ்ப் பெண்கள் தாமாகக் கட்டியவையும் உண்டு. எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்தில் இருந்த பூரணி இல்லம். 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்ட மனித உரிமைச் செயற்பாட்டாளர் ராஜனி திராணகமவும் அதன் பின்னால் நின்றவர்களில் ஒருவர். போருக்கு நடுவில், ஆயுதங்களுக்கு நடுவில், போக்கிடம் இல்லாத பெண்களுக்கு ஒரு கூரை. அது நீடிக்க விடப்படவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்த பெண்களோடு வேலை செய்யத் தொடங்கிய சூரியா பின்னர் மட்டக்களப்புக்குப் போய், சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையமாக வேர்விட்டது. சட்ட உதவியும் செய்தார்கள், பறையும் அடித்தார்கள், பாட்டும் பாடினார்கள். ஒரு பெண் அங்கே போனால் கோப்பு இலக்கமாக அல்ல, தோழியாக வைத்துக்கொள்ளப்பட்டாள். கொழும்பில் முளைத்த அந்த விதையைக் கிழக்கு வளர்த்தெடுத்தது. அதைவிட வசதியும், மண்டபங்களும், சட்டத்தரணிகளும், வைத்தியர்களும் நிறைந்த கொழும்புத் தமிழ்ச் சமூகம் அதே அளவில் ஒன்றைத் தனக்கென வளர்க்கவில்லை. வெள்ளவத்தையில் கலியாண மண்டபத்துக்கு நாங்கள் ஒரு இரவில் கொடுக்கும் காசை நினைத்துப் பார்க்கிறேன்.

என் தீர்ப்பைச் சொல்கிறேன். கொழும்பை அண்டிய எங்கள் சமூகம் துக்கத்தில் நேர்மையானது, கோபத்தில் நேர்மையானது, ஆதரவில் தவறியது. பணமோ அறிவோ இல்லாமல் தவறவில்லை. ஆதரவு என்பது மேடையில் இருந்து கொடுப்பது என்று நினைத்ததால் தவறியது. பயிற்சி இல்லாதவர்கள் கூடப் போனால் குழப்பிவிடுவார்கள் என்ற எச்சரிக்கையில் உண்மை இருக்கிறது. இரகசியம் காக்கத் தெரியாதவர், தன் முடிவைத் திணிப்பவர், பாதி வழியில் சலித்துப்போகிறவர் ஆகியோரால் கேடுதான் வரும். அதனால்தான் கேட்கிறேன்: ஒவ்வொரு பங்கிலும், ஒவ்வொரு கோவிலிலும், ஒவ்வொரு பழைய மாணவியர் சங்கத்திலும் நாலைந்து பேர் போதும். சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர்கள், வாயைக் காக்கத் தெரிந்தவர்கள். சுமித்ரயோவிடம் கேட்கப் பழகட்டும், ஒரு சட்டத்தரணியிடம் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பாடமாகப் படிக்கட்டும். பெண்களுக்கான 1938, சிறுவருக்கான 1929, மனநலத்துக்கான 1926 என்ற உதவி இலக்கங்களை முதலில் தாமே அழைத்து, எந்த நேரத்தில் தமிழில் பதில் கிடைக்கிறது என்று எழுதி வைக்கட்டும். வாக்குமூலம், வைத்தியசாலை, நீதிமன்றத் தவணை மூன்றுக்கும் அதே ஆள் கூடப் போகட்டும். ஒரு கருத்தரங்கின் தேநீர்ச் செலவுக்குள் ஆறு மாத ஓட்டோக் காசு அடங்கும்.

அந்தப் பெண்ணுக்குப் பாதுகாப்புக் கட்டளை கிடைத்தது. நாலு தவணை போனோம். இரண்டு தவணைக்கு என்னால் போக முடியவில்லை, மச்சாள் போனார். இப்போது அவர் மாபோலைப் பக்கம் ஒரு தையல் நிலையத்தில் வேலை செய்கிறார். போன மாதம் வந்து, அங்கே கூட வேலை செய்யும் ஒரு தங்கச்சிக்கும் வீட்டில் பிரச்சினை என்றார். "நான் கூடப் போறேன் எண்டு சொல்லிட்டேன் அக்கா. ஆனா அவங்க எழுதுறது எனக்கு விளங்காதே." கழுத்துக்குச் சிங்களத்தில் 'பெல்ல' என்பது அவருக்குத் தெரியும். கொப்பியில் அது எப்படி இருக்கும் என்றுதான் தெரியாது. பிள்ளையின் பயிற்சிக் கொப்பியின் பின்பக்கத்தில் அந்த மூன்று எழுத்தையும் பெரிதாக எழுதிக் காட்டினேன். கீழே ஐந்து தடவை எழுதிப் பார்த்தார்.